ஊஞ்சல் கட்டடமா, சாமானா?

வடிவு,

நேற்று கோபத்தில் நான் தொடாத வத்தக்குழம்பை விடிந்ததும் காலி செய்துவிட்டேன். பூனை மேல் பழி போடாதே. தி.நகர் கடைக்குக் கிளம்புகிறேன். வீட்டு இன்சூரன்ஸ் போடுகிற பெண் தாரணி மத்தியானம் வீட்டைப் பார்க்க வருவாள், காபி கொடு.

பாலிசி கட்டடத்துக்கு மட்டும்தான், வீட்டைத் தலைகீழாகக் கவிழ்த்தால் விழுவதெல்லாம் சாமான், அது இதில் சேராது என்று நேற்று ராத்திரி பெரிய மனுஷன் மாதிரி உனக்கு விளக்கினேன். நீயோ, "அப்ப நம்ம ஊஞ்சல்? கொக்கியில மாட்டியிருக்கே, கவுத்தாலும் விழாதே" என்றாய். எனக்குப் பதில் தெரியவில்லை. அதனால்தான் கத்தினேன்.

காலையில் தாரணியிடம் போனில் கேட்டேன். சிரித்துவிட்டு, "கூரையில பதிச்ச கொக்கி கட்டடம் சார். கழட்டி எடுத்துட்டுப் போற பலகையும் சங்கிலியும் சாமான்" என்றாள். ஆக, கொக்கி வரைக்கும் நீ சொன்னதுதான் சரி. நம் சண்டையை அவளிடம் சொல்லிவிடாதே.

முத்துகிருஷ்ணன்

மறந்துவிட்டேன். ஊஞ்சல் மேல் ஏறி நின்று ஃபேன் துடைக்காதே. நீ கட்டடத்திலும் சேர மாட்டாய், சாமானிலும் சேர மாட்டாய். உனக்கு ஒன்று என்றால் நஷ்டம் முழுக்க எனக்குத்தான்.