பஸ் அட்டையா, பழைய காரா?

1986 நவம்பர் 30, ஞாயிறு இரவு

இன்று எங்கள் அகதி விடுதியில் வாக்கெடுப்பு நடந்தது. நகரத்துக்குப் போய்வர எல்லோரும் காசு சேர்த்து ஒரு பழைய கார் வாங்குவதா, மாறி மாறிப் பாவிக்கக்கூடிய மாத பஸ் அட்டை எடுப்பதா என்பதுதான் கேள்வி.

"கார் எண்டால் எல்லாரும் ஒண்டாப் போகலாம்," என்றார் செல்வம் அண்ணை. இங்கே கார் ஓடத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். ஆண்கள் தலையாட்டினார்கள்.

அடுத்த அறை ராணி அக்கா எழுந்தார். குறைமாதத்தில் பிறந்த அவருடைய மகன் நகரத்து ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறான். பஸ்ஸுக்குக் காசில்லாத நாட்களில் அக்கா நடந்தே போய்ப் பார்த்துவிட்டு வருவார்.

"காரெண்டால் ஒவ்வொருக்காலும் உங்களைக் கேக்கவேணும், அண்ணை. அட்டையெண்டால் நானே போவன்."

கூட்டத்தில் அக்கா வாய்திறந்து பேசி இன்றுதான் கேட்டேன். அட்டைக்கு யார் என்று கேட்டதும், முதலில் உயர்ந்தது செல்வம் அண்ணையின் கைதான். அட்டை வென்றது. முதல் வாரம் அது அக்காவுக்கு.

சற்றுமுன் அக்கா வந்து கதவைத் தட்டினார்.

"தங்கச்சி, ஒரு நாளிலை ரெண்டு தரம் போகலாமோ?"

"ஓம் அக்கா, எத்தினை தரமும் போகலாம்."

"அப்ப காலமையும் பின்னேரமும் பாக்கலாம்," என்றவர் போகாமல் நின்றார். "இப்ப விரலைக் குடுத்தால் பிடிக்கிறான், தெரியுமே?"