மாரியம்மாள் சொன்னதும் நான் சொன்னதும்

பிப்ரவரி 9, 1966. புதன்.

ரேஷன் கடையில் இன்றும் அரிசி இல்லை. கோதுமைதான். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்தது. வரிசையில் நின்ற தைலம்மாள் ஒரு பிடி அள்ளிப் பார்த்துவிட்டு, "இத இன்னா பண்றது, கோழிக்கு எறைக்கறதா?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு எல்லோரும் வாங்கிக்கொண்டு போனார்கள்.

நான் வரிசையில் நிற்கவில்லை. வேடிக்கை பார்த்தேன். எங்கள் வீட்டில் நெல் இருக்கிறது. இதையும் எழுதி வைக்க வேண்டும்.

அதே நாட்டிலிருந்து ஒரு ஆளும் வந்திருக்கிறார். ஹரால்ட். என் வயதுதான் இருக்கும். பாறையைத் துளைத்துக் குழாய் இறக்கும் இயந்திரம் ஒன்று அவருடைய சங்கத்திடம் இருக்கிறதாம். மழை பொய்த்துக் கிணறுகள் வற்றிய இந்த ஊருக்கு ஓர் அடிபம்பு போட்டுத் தரப் போகிறார்கள். அவருக்குத் தமிழ் வராது. பி.ஏ. முடித்துவிட்டு சும்மா இருப்பவன் செஞ்சியில் நான் ஒருவன்தானா? மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டார்கள்.

பிப்ரவரி 12.

ஹரால்டோடு ராஜகிரிக் கோட்டை ஏறி இறங்கினேன். வழியெல்லாம் ஊர்க்காரர்களின் கேள்வி. "சம்பளம் எவ்ளோன்னு கேளுப்பா." "கல்யாணம் ஆயிடுச்சா?" "இவுங்க மாட்டுக்கறி துண்றவங்கதான?" கடைசிக் கேள்வியை நான் சொல்லவில்லை. அவர்கள் ஊர் வெயிலைப் பற்றிக் கேட்கிறார்கள் என்றேன். அவர் வெயிலைப் பற்றிச் சொன்னார். நான் தமிழில் வேறு எதையோ சொன்னேன். இரண்டு பக்கமும் திருப்தி.

சுலபமான வேலை.

பிப்ரவரி 17. வியாழன்.

நைனா ஹரால்டைச் சாப்பிடக் கூப்பிட்டார். எங்களைப் போன்ற ஜைன வீட்டில் பொழுது சாய்வதற்குள் சாப்பாடு முடிய வேண்டும். இருட்டில் சாப்பிட்டால் தெரியாமல் ஒரு பூச்சி வாய்க்குள் போய்ச் சாகும். ஹரால்ட் இதைக் கேட்டு வியந்தார். அம்மா தண்ணீரைத் துணியில் வடிகட்டி, துணியில் தங்கிய கண்ணுக்குத் தெரியாத உயிர்களைத் திரும்ப அதே கிணற்றில் விட்டதைக் காட்டினேன். அவர் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தார். எனக்குப் பெருமையாக இருந்தது. இதையெல்லாம் தினமும் கிண்டல் செய்கிறவன் நான்!

அப்போதுதான் மாரியம்மாள் கொல்லைப்பக்கம் வந்தாள். காலையிலிருந்து எங்கள் களத்தில் கடலைச் செடியிலிருந்து மணிலாக்கொட்டை ஆய்ந்துகொண்டிருந்தவள். சேரிக்காரி. "ஆண்டம்மா, கொஞ்சம் தண்ணி" என்றாள். நிலக்காரர்களான எங்களை அவர்கள் ஆண்டை என்றுதான் கூப்பிட வேண்டும். அம்மா படியில் நின்று செம்பை உயர்த்தி ஊற்றினாள். மாரியம்மாள் குனிந்து, இரண்டு கையையும் சேர்த்துக் குடித்தாள். பாதித் தண்ணீர் முழங்கை வழியே மண்ணுக்குப் போயிற்று.

அவளுக்கு ஏன் டம்ளர் தரவில்லை என்று ஹரால்ட் கேட்டார்.

"அது அவர்கள் வழக்கம். அவர்களுக்கு அதுதான் வசதி" என்றேன். யோசிக்கவே இல்லை. வாயில் தயாராக இருந்தது.

அவர் மாரியம்மாளின் ஈரக் கையைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "எங்கள் ஊரில் கறுப்பர்களுக்குத் தனித் தண்ணீர்க் குழாய் இருந்தது. அவர்களுக்கு அதுதான் பிடிக்கும் என்று என் அப்பாவும் சொல்வார்."

"இன்னாடா சொல்றாரு?" என்று நைனா கேட்டார்.

"வீடு ரொம்ப நல்லாக்குதுன்றாரு."

நைனா சிரித்தார். அம்மா ஹரால்டுக்கு இன்னொரு கரண்டி சாதம் போட்டாள். மாட்டுக்கறி தின்கிறவரைக் கூடத்தில் உட்கார வைத்துப் பரிமாறுகிறோம். மாட்டுக்கறி தின்கிறவள் என்று சொல்லி அவளைக் கொல்லையில் நிறுத்துகிறோம். பூச்சிக்குக் கிணற்றில் இடம் இருக்கிறது — சரி, போதும். எழுதுவதில் நான் சூரன்தான்.

பிப்ரவரி 18.

அதுதான் வசதி. அதுதான் வசதி. காலையிலிருந்து இதே வார்த்தை.

பிப்ரவரி 23. புதன்.

பம்பு எங்கே என்று முடிவு செய்யும் நாள். நைனாவுக்கு எங்கள் தோப்போரம் வேண்டும். லாரி வரப் பாதை இருக்கிறது என்று காரணம். சேரியில் குடிக்கிற தண்ணீரே இல்லையென்று அதிகாரிகளுக்கும் தெரியும். ஆனால் சேரியில் போடலாம் என்று யாரும் சொல்லவில்லை. ஹரால்ட் மட்டும், தண்ணீர் எடுக்கப் போகும் பெண்களைக் கேட்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். சேரித் தெரு முனைக்குப் போனோம். நைனாவும் கூடவே வந்தார்.

மாரியம்மாள்தான் முன்னால் வந்து பேசினாள்.

"ஆண்ட தோப்புல போட்டா எங்கள கைய வெக்க உடுவாங்களா? கொடத்த வெச்சிக்கினு, யாரு வந்து அடிச்சி ஊத்துவாங்கன்னு பாத்துக்கினு நிக்கணும். எங்க தெருவுல போட்டா போடுங்க. இல்லாட்டி வேணாம், நாங்க குட்டையிலயே மொண்டுக்கறோம். சொல்லுங்க சின்னாண்டே, ஒரு வார்த்த உடாம சொல்லுங்க."

நைனா என்னைப் பார்க்கவில்லை. மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்க வேண்டிய தேவை அவருக்கு இல்லை.

நான் ஆங்கிலத்தில் சொன்னேன்: "எங்கே போட்டாலும் அவர்களுக்குச் சம்மதம். உங்களுக்கு மிகவும் நன்றி என்கிறார்கள்."

அந்த நன்றி எதற்கு? யார் கேட்டார்கள்? நானாகச் சேர்த்தது.

ஹரால்டின் முகம் மலர்ந்தது. மாரியம்மாளைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டு, தான் கற்ற நாலு தமிழ் வார்த்தையில் ஒன்றைச் சொன்னார்: "நன்றிம்மா."

மாரியம்மாள் திரும்பிப் பார்த்தாள். "இன்னாடி இது? நான் சண்ட போட்றேன், இவரு கும்புட்றாரு!"

"காது மந்தமாட்டம் இருக்குது, பாவம். மூஞ்சி மட்டும் செவசெவன்னு இருக்குது" என்றாள் பக்கத்தில் நின்ற செல்லம்மாள். தெருவே சிரித்தது. ஹரால்டும் சேர்ந்து சிரித்தார்.

"நான் சொன்னத சொன்னீங்கதான?" என்று மாரியம்மாள் என்னைக் கேட்டாள்.

"சொன்னேன்."

போன வருஷம் திண்டிவனத்தில் 'தமிழ் வாழ்க' என்று கத்திப் போலீஸ் தடியில் அடி வாங்கினேன். இன்று ஒரு பெண் நல்ல தமிழில், தெளிவாக, நாலு பேர் நடுவில் பேசினாள். அதைக் கொன்றது யார்? இந்திக்காரனா?

பிப்ரவரி 24.

இயந்திர லாரிக்கு எழுதிவிட்டார்களாம். நைனா இன்று என் தட்டில் தாமே நெய் ஊற்றினார்.

பிப்ரவரி 27. ஞாயிறு.

தாங்க முடியவில்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஹரால்ட் வாடகைக்கு எடுத்திருக்கும் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். கேட்டுக்கொண்டே விட்டார்.

"அப்படியானால் அவளுக்கு நான் எதற்கு நன்றி சொன்னேன்?" என்றார்.

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் சொன்னது வேறு: "அன்றைக்கு உன் வீட்டில் வழக்கம் என்று ஒரு வார்த்தை கொடுத்தாய். எங்களுக்குப் பயிற்சியில் சொல்லியிருக்கிறார்கள், அந்நிய நாட்டு வழக்கத்தில் தலையிடாதே என்று. பொய் என்று தெரிந்தும் அதை வாங்கி வைத்துக்கொண்டேன். எனக்கும் அது வசதிதான்."

கடல் தாண்டி வந்தவனும் கடலைக் காட்டில் பிறந்தவனும் ஒரே பொய்யில்தான் சந்தித்திருக்கிறோம்.

வெள்ளிக்கிழமை எல்லார் முன்னாலும் அதே கேள்வியைத் திரும்பக் கேட்பாராம். "நீ இருப்பாய் அல்லவா?"

"இருப்பேன்" என்றேன்.

மார்ச் 4. வெள்ளி.

காலையில் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினேன். சேரித் தெருப் பக்கம்தான் நடந்தேன். திண்டிவனம் பஸ் வந்து நின்றது. ஏறிவிட்டேன்.

அங்கே சினிமா பகல் ஆட்டம் பார்த்தேன். யார் நடித்தது என்று கேட்டால் தெரியாது. ஒரு சண்டை வந்தது. எல்லோரும் விசில் அடித்தார்கள். நானும் அடித்தேன்.

திரும்பி வந்தபோது நைனா வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "எங்கடா போய்த் தொலஞ்ச? அந்த மாரியம்மா மவன் இங்கிலீஷ்ல இன்னாத்த ஊதிட்டான்னே தெர்ல, வெள்ளக்காரன் எடத்த மாத்தணும்ன்றான்!"

மாரியம்மாளுடைய மகன் இளையபெருமாள் திண்டிவனத்தில் வாத்தியார் பயிற்சி படிக்கிறான். லீவில் வந்திருக்கிறான். நான் ஒளிந்துகொள்ளப் போன ஊரிலிருந்து அவன் வந்து என் இடத்தில் நின்று பேசியிருக்கிறான்.

ஹரால்ட் என்னைப் பற்றி விசாரித்தாராம். காய்ச்சல் என்று அம்மா சொல்லி அனுப்பினாளாம். அம்மாவையும் பொய் சொல்ல வைத்தாயிற்று.

மார்ச் 7. திங்கள்.

தோப்பில் மறுபடி கூட்டம். "அந்த மாரியம்மா மவன் சரியா சொல்றானான்னு காத வெச்சி கேளு. அதுக்குத்தான் உன்ன இட்டுக்கினு போறேன்" என்றார் நைனா. அவருக்குப் பக்கத்தில் மண்டிக்காரர் பச்சைமுத்து. ஹரால்டுக்குப் பக்கத்தில் இளையபெருமாள். வெள்ளைச் சட்டை, கை கட்டவில்லை. என்னைப் பார்த்து "வணக்கம் சார்" என்றான். சின்னாண்டே இல்லை.

நைனா சத்தம் போட்டார். "சேரியில போட்டா ஊர்க்காரன் எவனும் அங்க போவ மாட்டான். அவுங்க கை பட்ட பம்புல நாங்க எப்டிய்யா தண்ணி பிடிக்கறது?"

இளையபெருமாள் மொழிபெயர்த்தான். ஆங்கிலம் தடுக்கித் தடுக்கி வந்தது. இறந்தகாலம், நிகழ்காலம் எல்லாம் தப்பு. ஆனால் ஒரு வார்த்தை விடவில்லை. 'அவுங்க கை' என்ற இடத்தில் மட்டும் நின்று, "என் கை, என் அம்மா கை" என்று ஆங்கிலத்தில் சொன்னான். குரல் மாறவே இல்லை. எப்படி முடிந்தது அவனால்?

ஹரால்ட் நைனாவைப் பார்த்தார். நைனாவுக்கு ஏதோ தவறிப் போனது புரிந்துவிட்டது.

பச்சைமுத்து என் தோளைத் தொட்டார். "தம்பி, நீ பி.ஏ. இவன் கெடுத்துட்டான் பாரு. நீ ஒரு தபா பதமா எடுத்து சொல்லு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அந்தப் பதமான வாக்கியம் என் நாக்கில் முழுசாக வந்து உட்கார்ந்திருந்தது. இலக்கணப் பிழையே இல்லாமல்.

"சேர்க்க ஒன்றுமில்லை. அவர் சரியாகத்தான் சொன்னார்" என்று ஹரால்டிடம் சொன்னேன்.

"இன்னா சொன்ன?" என்றார் நைனா.

"அவரு சொன்னது சரின்னு சொன்னேன் நைனா."

"அவரா?" என்றார், இளையபெருமாளைக் காட்டி.

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தார். இதைத் தைரியம் என்று எழுதி வைக்க மாட்டேன். இன்னொருவன் சொல்லி முடித்ததற்குத் தலையாட்டினேன், அவ்வளவுதான்.

மார்ச் 22.

சேரித் தெருவிலேயே துளை போட்டார்கள், பாறைக்கடியில் தண்ணீர் வந்துவிட்டது. நைனா என்னிடம் இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

மார்ச் 26.

கடைத்தெருவில் இளையபெருமாளைப் பார்த்தேன். அவன்தான் பேச்செடுத்தான். "நீங்க மொதல்ல இன்னா சொன்னீங்கன்னு ஹரால்ட் என்கிட்ட சொல்லிட்டாரு சார். எங்கம்மா இன்னும் அவருக்குக் காது மந்தம்னுதான் நெனச்சிக்கினு இருக்குது. நான் சொல்லல." சைக்கிளை மிதித்துப் போய்விட்டான்.

ஏப்ரல் 3. ஞாயிறு.

பம்பு பூட்டிவிட்டார்கள். போய்ப் பார்த்தேன். யாரும் கூப்பிடவில்லை.

தெரு முழுக்கக் குடங்கள். மாரியம்மாள் பிடியை அடித்துக்கொண்டிருந்தாள். ஹரால்ட் ஓரமாக நின்றார், இளையபெருமாளும். செல்லம்மாள் ஹரால்டின் காதருகே போய், "தண்ணி இனிப்பா இருக்குது!" என்று கூவினாள். மாரியம்மாள், "நல்லா கத்துடி, அன்னிக்கு நான் கத்துனதே அவருக்குக் கேக்கல" என்றாள். பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

ஏன் சிரிக்கிறார்கள் என்று ஹரால்ட் கேட்டார். இளையபெருமாள் என்னைப் பார்த்தான்.

ஹரால்டிடம் ஆங்கிலத்தில் சொன்னேன். உங்களுக்குக் காது கேட்காது என்று நினைக்கிறார்கள், அப்படி நினைக்க வைத்தது நான்தான் என்று. அது எளிதாக வந்துவிட்டது. ஆங்கிலத்தில் எதையும் சொல்லிவிடலாம், ஒட்டாது. பிறகு பெண்கள் பக்கம் திரும்பினேன்.

"அவருக்கு நல்லா காது கேக்கும். அன்னிக்கு நீங்க சொன்னத நான் அவருக்கு சொல்லல. நீங்க சம்மதம்னீங்க, நன்றின்னீங்கன்னு மாத்தி சொன்னேன். நைனாவுக்குப் பயந்துக்கினு."

சிரிப்பு நின்றது. செல்லம்மாள் தரையைப் பார்த்தாள். மாரியம்மாள் என்னைப் பார்த்தபடியே அடித்துக்கொண்டிருந்தாள். திட்டுவாள் என்று நின்றேன்.

"நவுருங்க" என்றாள். "கொடம் ரொம்பிப் போச்சி."

நகர்ந்தேன்.