வண்டூர் சாலை வளைவு

எனக்குப் புத்தி பேதலிக்கவில்லை. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், இந்தத் தீவில், ஷாதிபூரில் வேறு மாதிரி பேசிக்கொள்கிறார்கள். பக்கத்து வீட்டுப் பெண் நேற்றுத் தண்ணீர் பிடிக்கும்போது இன்னொருத்தியிடம் சொன்னது என் சமையலறை ஜன்னல் வரை கேட்டது: "புருஷன் வண்டியிலதான் போய்ச் சேர்ந்தாரு. இந்த ஆன்ட்டி நாள் பூரா கார் ரேஸ் பாத்துட்டு உக்காந்திருக்கு. திமாக் கராப் ஆயிடுச்சு போல." ரேஸ் பார்ப்பது உண்மை. பொழுது போகாமல் பார்க்கவில்லை. எழுபத்து மூன்று வயதில் நோட்டுப் புத்தகம் வைத்துக்கொண்டு படிக்கிறேன்.

இன்று காலை மழை விட்டதும் கொல்லைப்பக்கம் போனேன். நம் வேனின் கூரையிலிருந்து கழற்றிய கேரியர் வளைந்தபடியே மதிலில் சாய்ந்து நிற்கிறது. அதன் துரு கரைந்து சுவரெல்லாம் வழிந்திருந்தது. இரண்டு வருடமாக அதை யாரும் எடுத்துப்போக நான் விடவில்லை. உள்ளே வந்து, கையைக் கழுவிவிட்டு, போய்ச் சேர்ந்த உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் டிவியில் ரேஸ் பார்ப்பீர்கள். ஜெபமாலை சொல்லும் நேரம் என்று நான் வந்து அணைப்பேன். ஒரு நாள் நான் அணைப்பதற்குள், ஒரு தட்டில் டம்ளர் நிறையத் தண்ணீரை வைத்து என்னிடம் நீட்டினீர்கள்.

"ஏ கான்வென்ட்டு, இதத் தூக்கிட்டு நட. நேரா போறப்ப எவ்வளவு வேகம்னாலும் போ. திரும்புறப்ப மட்டும் பொசுக்குனு நின்னுராத. அம்புட்டுதான் வண்டி."

"ஃபிசிக்ஸ்ல நான் முதல் மார்க். ஸ்பேனர் பிடிக்கிறவங்க எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம்."

"சரிங்க மேடம்" என்று அந்தத் தண்ணீரை நீங்களே குடித்துவிட்டுச் சிரித்தீர்கள். உங்கள் வொர்க்‌ஷாப் ஆட்கள் நான்கு பேர் அப்போது கூடத்தில் இருந்தார்கள். அவர்கள் முன்னால் அப்படிச் சொன்னேன்.

வளைவு வருவதற்கு முன்பே நீங்கள் பிரேக் பிடித்து முடித்துவிடுவீர்கள். வளைவுக்குள் நுழைந்தபின் ஆக்சிலேட்டரை லேசாக மிதிப்பீர்கள். அது எனக்குத் திமிராகவே பட்டது. நாற்பது வருடம் ஒவ்வொரு வளைவிலும் கத்தினேன். "மிதிக்கலட்டி, வண்டியத் தாங்கிப் பிடிக்கேன்" என்பீர்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று ஒரு தடவைகூட நான் கேட்கவில்லை.

அன்றைக்கு வண்டூர் மாதா கோயில் திருவிழாவுக்கு அண்டாக்களும் அரிசி மூட்டைகளும் கொண்டுபோனோம். வெள்ளை சீட் கவரில் கரி படும் என்று எல்லாவற்றையும் கூரைமேல் ஏற்றச் சொன்னவள் நான். "மூட்டையவாவது கீழ வைப்போம், மேல பாரம் கூடாது" என்றீர்கள். "கவரைத் துவைக்கிறது யார்?" என்றேன். நீங்கள் கயிற்றைக் கட்டினீர்கள்.

மழை தூறிக்கொண்டிருந்தது. கடைசி வளைவில் வேன் சாய்ந்தது. உங்கள் கால் ஆக்சிலேட்டரில் இருப்பதைப் பார்த்தேன். நமக்கு நடுவில் இருந்த ஹேண்ட் பிரேக்கை இரண்டு கையாலும் பிடித்து மேலே இழுத்தேன். "விடுட்டி!" என்றீர்கள். நீங்கள் பேசிய கடைசி வார்த்தை அது. வேனின் பின்பக்கம் சுழன்றது, பிறகு உருண்டது. எனக்கு வலது மணிக்கட்டு ஒடிந்தது.

ஆஸ்பத்திரியில் போலீஸ்காரர் இந்தியில் கேட்டார், "தேஸ் சலா ரஹே தே க்யா, மாஜி?" வேகமாகத்தான் ஓட்டினார், எப்போதும் அப்படித்தான் என்றேன். உண்மையில் ஸ்பீடோமீட்டர் முள் நாற்பதைத் தாண்டவில்லை. வண்டியில் ஏறினால் நான் அந்த முள்ளைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன் என்பது உங்களுக்குத் தெரியும். இருந்தும் அப்படிச் சொன்னேன். பிரேக்கைப் பற்றி அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. உங்களைக் காப்பாற்ற இழுத்தேன், பலிக்கவில்லை என்றே நினைத்திருந்தேன்.

நீங்கள் செய்த தவறு என்ன என்று எழுத்தில் நிரூபிக்கத்தான் இந்தப் படிப்பைத் தொடங்கினேன். டயர் தரையைப் பிடிக்கும் பலம் ஓர் அளவுதான் என்று படித்தேன். திரும்புவதற்கும் நிற்பதற்கும் அந்த ஒரே பலத்தைப் பங்கு போடவேண்டும். சுழலாமல் இறுகிப்போன சக்கரத்துக்குப் பக்கவாட்டில் பிடிக்கப் பலம் மிஞ்சாது. பாரம் உயர உயர வண்டி கவிழ்வது எளிது. வளைவில் ஆக்சிலேட்டரை லேசாக மிதித்தால் பின்சக்கரங்களின் மேல் எடை நிற்கும். அடிக்கோடிட்டு எழுதிக்கொண்டே வந்தேன். எதுவும் உங்களுக்கு எதிராக இல்லை.

போன மாதம் ஒரு வீடியோ. மண் பாதையில் ஒருவன் வளைவுக்குள் நுழைந்து ஹேண்ட் பிரேக்கை இழுத்தான். காரின் பின்பக்கம் அப்படியே சுழன்று வந்தது. வண்டியை வேண்டுமென்றே சுழற்ற இதுதான் வழி என்று ஆங்கிலத்தில் நிதானமாக விளக்கினார்கள். போனைக் கவிழ்த்து வைத்தேன். அன்று முழுவதும் சமைக்கவில்லை.

நம் மகன் கார் நிக்கோபார் தீவில் இருந்து உங்கள் அடக்கத்துக்கு வந்தான். அதற்குப் பிறகு கல்லறைப் பக்கம் வரவே இல்லை. "அப்பாவோட ஆட்டம் அப்பாவோட போகட்டும். உங்களையும் சேர்த்துக் கொல்லப் பாத்தாரும்மா" என்கிறான். தன் பிள்ளைகளிடமும் அதையே சொல்லி வைத்திருக்கிறான். கல்லறைத் திருநாளுக்கு நான் கூப்பிட்டபோது, கப்பல் டிக்கெட் இல்லை என்றான். இருந்தது. அவன் பேசும்போதெல்லாம் நான் சும்மா இருந்தேன். என் பேச்சை நம்பித்தான் அவன் உங்களை வெறுக்கிறான்.

ஒட்டவைத்த இந்தக் கையால்தான் எழுதுகிறேன். மழை நாளில் வலிக்கும். வலிக்கட்டும். திங்கட்கிழமை ஸ்டேஷனுக்குப் போய், நான் கொடுத்த வாக்குமூலம் தவறு என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். உங்களிடம் மன்னிப்பு கேட்க எனக்கு வார்த்தை தெரியவில்லை. கான்வென்ட்டில் கற்றுக்கொடுத்த வார்த்தைகள் இதற்குப் போதவில்லை.

இந்த மடலின் நகல் கப்பலில் அவனுக்குப் போகிறது. அதன் அடியில் அவனுக்காக இதை மட்டும் சேர்த்திருக்கிறேன்:

"மகனே, உன் அப்பா வேகமாக ஓட்டவில்லை. பிரேக்கை இழுத்தது நான். இதைப் படித்துவிட்டுப் போன் செய்யாதே. போனில் நீ அழுவாய், நான் எதையாவது சொல்லிச் சமாளித்துவிடுவேன். பிள்ளைகளிடம் இதைச் சொன்னாயா, அப்பாவின் கல்லறைக்கு எப்போது வருகிறாய், இந்த இரண்டுக்கும் எனக்குப் பதில் எழுதி அனுப்பு."