தர்ஷினியின் இடது கன்னம்

ஜூலை 7, திங்கள்

காற்று. ஆடி பிறக்கவேயில்லை, அதற்குள் மைதானத்து மண் பாதி என் வாயில். வண்டி பஞ்சர், வடமதுரை பஸ்ஸில் தொங்கிக்கொண்டு பள்ளிக்கு.

நான்காம் வகுப்புக்குப் பந்து. எதிரெதிரே இரண்டு வரிசை, ஓரத்தில் நான். விசில் அடித்தால் எறி, பிடி. கொஞ்ச நேரத்திலேயே தர்ஷினி கன்னத்தில் பந்து. நல்ல வீக்கம். சத்துணவு அக்கா ஈரத்துணி கொடுத்தார். எறிந்த முகிலன் அவளைவிட அதிகம் அழுதான்.

சாயங்காலம் அவள் அம்மா, மல்லிகைத் தோட்டத்திலிருந்து நேராக. "கண்ணுல பட்டுருந்தா என்ன டீச்சர் செய்யிறது? இனிமே எம்புள்ள பந்தைத் தொடக் கூடாது."

எச்.எம். அம்மா பந்துகளைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். "வெள்ளிக்கிழமை நானே வந்து பாக்குறேன். அப்பவும் ஒரு புள்ளைக்கு அடிபட்டா, அந்தப் பீரியடைக் கணக்குக்குக் குடுத்துருவேன்."

கோபம். யார் மேல் என்று தெரியவில்லை. ஒன்று மட்டும் உறுத்துகிறது. முகிலன் நேர் எதிரே நின்றான். பந்து மூக்கில் பட்டிருக்க வேண்டும். இடது கன்னத்தில் எப்படி?

ஜூலை 8, செவ்வாய்

பழைய சாக்ஸில் கிழிசல் துணி திணித்து, வாய் தைத்துப் பந்து. வீட்டில் இத்தனை ஒற்றைச் சாக்ஸா! ஜோடியெல்லாம் எங்கே போயிற்று?

இன்று மாற்றியவை:
கல் பொறுக்கியாயிற்று.
ஜோடிக்கு ஜோடி நிறைய இடைவெளி, சுண்ணாம்புக் கோடு.
யார் கண்ணிலும் வெயில் படாதபடி வரிசை.
வளையல், கூர் கிளிப் கழற்றி டப்பாவில்.
தோளுக்குக் கீழிருந்துதான் எறிய வேண்டும்.

அப்படியும் அடி. துணிப்பந்து என்பதால் யாருக்கும் வலிக்கவில்லை, சிரிக்கிறார்கள். ஆனால் பாருங்கள், வடக்கு வரிசையில் பட்டதெல்லாம் இடது காது, இடது கன்னம். தெற்கு வரிசையில் எல்லாம் வலது. இதென்ன கூத்து?

காற்று தள்ளுகிறதோ? வகுப்பறைக்குள் செய்து பார்த்தேன். அங்கேயும் அதே.

தர்ஷினி படியில் உட்கார்ந்து வேடிக்கை. கூப்பிட்டேன். "அம்மா வையும் டீச்சர்." வீக்கம் வடிந்திருக்கிறது. பயம் வடியவில்லை.

ஜூலை 9, புதன்

தண்ணீர்த் தொட்டி மேல் போனைச் சாய்த்து வைத்து வீடியோ எடுத்தேன். ஒருவன் ஓடி வந்து போனுக்கு முன்னால் நின்று பழிப்புக் காட்டுவது மட்டும் நீளமாக இருக்கிறது.

வீட்டில் தோசை கருகக் கருக, திரும்பத் திரும்பப் பார்த்தேன். கண்டுபிடித்துவிட்டேன்!

விசில் ஊதுகிறேன். பிடிக்க வேண்டிய பிள்ளைகள் அத்தனை பேரும் பட்டென்று என் பக்கம் திரும்புகிறார்கள். நீட்டிய கை தொடையோடு ஒட்டுகிறது. பந்து வருகிறது, பக்கவாட்டுக் கன்னத்தில் படுகிறது.

வேறென்ன செய்வார்கள்? விசில் கேட்டால் டீச்சரைப் பார், கையை இறக்கு, அசையாமல் நில். ஒன்றாம் வகுப்பிலிருந்து பழக்கியது நான்தான். என் பேச்சைக் கேட்கிற பிள்ளைக்குத்தான் அடி. கேட்காத வாண்டுகள் பந்தைப் பார்த்து அழகாகப் பிடிக்கின்றன.

சிரித்தேன். அப்புறம் விசிலைக் கழற்றி மேஜை டிராயருக்குள் போட்டேன்.

ஜூலை 10, வியாழன்

விசில் வேண்டாம். என் சத்தமே வேண்டாம். பிடிக்கிறவர் தயாரானதும் "போடு" என்று சொல்ல வேண்டும். சொன்னால்தான் எறியலாம். சொல்லாவிட்டால் பந்து கையிலேயே.

முதலில் சந்தைக் கடை மாதிரி இரைச்சல். செத்த நேரத்தில் அடங்கிவிட்டது. அவரவர் தம் ஜோடியின் வாயைப் பார்க்கிறார்கள். வாயைப் பார்த்தால் முகம் நேராக நிற்கிறது. இதை நான் யோசிக்கவேயில்லை! ஒருவருக்கும் அடி இல்லை.

சாயங்காலம் தர்ஷினி அம்மாவிடம் வீடியோவைக் காட்டினேன். தப்பு என்னுடையது என்றேன். சொல்ல வெட்கமாகத்தான் இருந்தது. அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அப்ப அந்தப் பய மேல தப்பில்லையா? அவங்கம்மாகிட்ட அம்புட்டுச் சண்டை போட்டுட்டேனே!"

கொஞ்சம் யோசித்து, "சரி, வெளையாடட்டும். அவளுக்கு இஷ்டம் இருந்தா மட்டும்."

ஜூலை 11, வெள்ளி

பந்துப் பீரியடு தப்பியது. ரப்பர் பந்துகளை எச்.எம். தம் கையாலேயே எடுத்துக் கொடுத்துவிட்டார்.

எப்படி என்று எழுதி வைக்க வேண்டும். வேப்பமர நிழலில் நாற்காலியில் எச்.எம். உட்கார்ந்தார். எதிரே துணிப்பந்தோடு வரிசைகள். நாலாப்பக்கமும் "போடு, போடு." அடி இல்லை. அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

அப்போதுதான் தர்ஷினி படியிலிருந்து எழுந்து வந்தாள். தானாகவே. முகிலனுக்கு எதிரே நின்றாள். கை நீட்டவில்லை, வாய் திறக்கவில்லை. முகிலன் பந்தை நெஞ்சோடு அணைத்தபடி நிற்கிறான். மற்ற ஜோடிகளும் நின்றுவிட்டன.

எச்.எம். பொறுமை இழந்து, "ஏன்டா சும்மா நிக்கிற? எறி."

"அவ சொல்லல டீச்சர்."

"நான் சொல்றேன்ல. போடு."

பள்ளிக்கூடமே நடுங்கும் குரல் அது. முகிலன் பந்தை இன்னும் இறுக்கினான். ஆனாலும் கண்ணை அவளிடமிருந்து எடுக்கவில்லை.

"நீங்க சொல்லக் கூடாது டீச்சர். அவதான் சொல்லணும்."

எச்.எம். என்னைப் பார்த்தார். நான் தர்ஷினியைப் பார்த்தேன். அவள் மெதுவாக இரண்டு கையையும் நீட்டினாள்.

"போடுடா."