கழுவக் கூடாத மிஷின்

சாமி,

இன்று காலை சாப்பாட்டு மேஜையைத் துடைத்தேன். துணி விளிம்பில் மாட்டிக்கொண்டது. அடியில் தடவிப் பார்த்தால், உன் மிஷினை இறுக்கிப் பிடித்த கிளாம்ப் அழுத்திய பள்ளம். கட்டை விரல் சரியாக உட்காருகிறது. உள்ளே கொஞ்சம் மாவு காய்ந்து கல்லாகிக் கிடந்தது. நகத்தால் சுரண்டப் போய், வேண்டாம் என்று விட்டுவிட்டேன். சுத்தம் செய்வதில் என் கெட்டிக்காரத்தனத்தை ஏற்கெனவே ஒரு முறை காட்டியாகிவிட்டது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

உன் மிஷினைக் கழுவிவிட்டேன்.

நீ இருந்திருந்தால் இந்த வரியிலேயே எழுந்து நின்றிருப்பாய். உட்கார். இன்னும் இருக்கிறது.

மில்லில் உன்னை எல்லோரும் சாமி என்றுதான் கூப்பிட்டோம். திருவள்ளூரில் கோயில் கைங்கர்யம் செய்கிற குடும்பத்துப் பிள்ளை, கும்மிடிப்பூண்டியில் கம்பி உருட்டும் மில்லுக்கு வேலைக்கு வந்தால் வேறு என்ன பெயர் வைப்பார்கள்? உன்னிடம் இரண்டு தமிழ் இருந்தது. "நன்னா சாப்டேம்மா" என்று போனை வைத்த அதே வாயால், "இன்னாபா, காலைலேந்து அந்த ரோலு ஒரே பேஜாரு பண்ணுது" என்று திரும்புவாய். நாங்கள் சிரிப்போம். நீயும் சிரிப்பாய்.

மில்லில் உருளைகளைத் தாங்கும் புது ஸ்டாண்டு பொருத்த வந்த இத்தாலிக்காரரை உன் தலையில் கட்டினார்கள். நாலு மாதம் கெஸ்ட் ஹவுஸில் இருந்தார். நம் சாம்பாரைப் பார்த்தாலே அவர் கண் கலங்கும். கையோடு ஒரு குட்டி மிஷின் கொண்டுவந்திருந்தார். இரண்டு உருளை, ஒரு கைப்பிடி, பக்கத்தில் எண் போட்ட திருகு. தினமும் மாலையில் மாவை அதில் விட்டு, பட்டையாக்கி, வெட்டி, வேகவைத்துப் பாஸ்தாவாகச் சாப்பிடுவார். நீ முதலில் கேட்டது "முட்டை உண்டா?" என்றுதான். அவர் ஊர்ப்பக்கம் முட்டை சேர்க்கிற வழக்கம் இல்லையாம், ரவையும் தண்ணீரும்தானாம். உடனே பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாய். ஊருக்குக் கிளம்பும்போது மிஷினை உன் கையிலேயே கொடுத்துவிட்டுப் போனார்.

உன் வீட்டுச் சமையல் மேடையின் விளிம்பு உருண்டை, கிளாம்ப் பிடிக்கவில்லை. என் வீட்டில் அந்த ஸ்டாண்டு வந்து இறங்கிய பெட்டியின் பலகையில் அடித்த மேஜை இருந்தது. அப்படித்தான் ஞாயிற்றுக்கிழமை நான் சர்ச்சிலிருந்து வரும்போது நீ மிஷினோடும் ரவையோடும் மகளோடும் வாசலில் நிற்க ஆரம்பித்தாய். ரஞ்சனி அப்போது நாற்காலியில் ஏறி நின்றால்தான் மேஜை தெரியும்.

மில்லில் செய்த வேலையைத்தான் வீட்டிலும் செய்தோம். சிவக்கக் காய்ந்த இரும்பை ஒரே தரத்தில் மெல்லிசாக்க முடியாது. உருளைகளின் இடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துத் திரும்பத் திரும்ப விட வேண்டும். அங்கே இடைவெளி வைப்பவன் நீ. மறுபக்கம் இடுக்கியோடு நின்று, வருவதை வாங்குபவன் நான். மேஜையிலும் அதே ஏற்பாடு. திருகு உன் கையில். கைப்பிடியைச் சுற்றுவதும், கீழே வரும் மாவுப் பட்டையை வாங்குவதும் என் வேலை. நான் அவசரப்பட்டு இழுப்பேன், பட்டை கிழியும்.

"இழுக்காத. வந்தா வாங்கிக்க."

எத்தனை ஞாயிறு சொல்லியிருப்பாய். ரஞ்சனிகூட அந்தக் குரலிலேயே சொல்லிக் காட்டுவாள். ரவைக்கு எவ்வளவு தண்ணீர், எவ்வளவு நேரம் ஈரத்துணி போட்டு மூட வேண்டும், எந்த எண்ணில் நிறுத்த வேண்டும், எதையும் நான் கவனித்ததில்லை. நீ இருக்கும்போது எனக்கு எதற்கு? நான் சுற்றுவேன், கதை பேசுவேன், தக்காளியும் மிளகும் வெண்ணெயும் போட்டுத் தட்டு நிறைய வரும், தின்பேன். பத்தாம் வகுப்பிலும் என் படிப்பு இப்படித்தான், பக்கத்துப் பையன் எழுதுவான்.

அன்றைக்குக் காலை ஷிப்டுக்குப் போகும் வழியில் என் பைக்கின் பின்னால் உட்கார்ந்தபடியே என் முதுகில் சாய்ந்தாய். தூங்குகிறாய் என்று நினைத்து ஒரு கிண்டல்கூடப் பண்ணினேன். பதில் வரவில்லை. ஆஸ்பத்திரியில் என்னைப் பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தேன். வேறு என்ன தெரியும் எனக்கு?

ரஞ்சனிக்குப் பள்ளிக்கூட வருஷம் முடியும்வரை உன் வீட்டம்மா இங்கே இருந்தார்கள். பிறகு ரஞ்சனியை அழைத்துக்கொண்டு திருவள்ளூருக்கே போய்விடுவதென்று முடிவாயிற்று. போவதற்கு மூன்று நாள் முன்பு மிஷினை உன் பழைய யூனிபார்ம் சட்டையில் சுற்றி எடுத்துவந்தார்கள்.

"அண்ணா, அவ சரியாவே சாப்பிடறதில்லை. ஊருக்குப் போறதுக்குள்ள ஒரு தடவை அப்பா பண்ற மாதிரி மாமா பண்ணித் தரணும்னு கேட்டுண்டே இருக்கா. நீங்கதானே கூடவே இருந்தேள்?"

கூடத்தான் இருந்தேன். "அதுக்கு இன்னாம்மா, ஞாயித்துக்கெழம அனுப்புங்க" என்று சொல்லிவிட்டேன். வாய் இருக்கிறதே, அது என்னைக் கேட்டுத் திறப்பதில்லை.

சனிக்கிழமை ஒத்திகை பார்த்தேன். போனில் ஒரு வீடியோ. ஒரு பெண் மாவைக் குவித்து, நடுவில் குழி பறித்து, முட்டைகளை உடைத்து ஊற்றினாள். நானும் குவித்தேன், பறித்தேன், நாலு முட்டை உடைத்தேன். மஞ்சளாகப் பிசுபிசுவென்று வந்தது. நீ செய்வதும் மஞ்சள்தானே, சரியாகத்தான் போகிறது என்று மிஷினில் விட்டேன். பாதி மாவு உருளையிலேயே ஒட்டிக்கொண்டது. அந்த நேரத்தில் என் மகள் ஜெனி காலேஜிலிருந்து வந்தாள்.

"அப்பா! இன்னா பண்ணிக்கினு கீற?"

"பாஸ்தா. நாளிக்கி ரஞ்சனிக்கி."

முட்டை ஓட்டைப் பார்த்தாள். மிஷினைப் பார்த்தாள்.

"அவங்க ஊட்ல முட்ட தொடவே மாட்டாங்கப்பா. இத்தினி வருசம் அந்த மாமாகூட ஒண்ணா குந்திக்கினு துன்ன, இதுகூடவா தெரியாது உனுக்கு?"

தெரியும் சாமி. கேன்டீனில் என் தட்டில் ஆம்லெட் வந்தால் நீ உன் டிபன் பாக்ஸை ஒரு சாண் நகர்த்தி வைப்பாய். மாசக் கணக்கில் அல்ல, வருஷக் கணக்கில் பார்த்திருக்கிறேன். அந்தச் சாண் தூரம் என் மண்டையில் ஏறவில்லை.

உன் பெண்டாட்டி நம்பிக் கொடுத்த மிஷினில் முட்டையை ஓட்டிவிட்டேன். உடனே குழாயடியில் வைத்துத் திறந்துவிட்டேன். சோப்புப் போட்டேன். வாசனை போகவில்லை. புளி போட்டேன், எலுமிச்சம்பழம் தேய்த்தேன், கடைசியில் மஞ்சள் தண்ணீர்கூட ஊற்றினேன். நான் சர்ச்சுக்குப் போகிறவன். உங்கள் வீட்டுச் சுத்தத்துக்கு என்ன முறை என்று யாரைப் போய்க் கேட்பேன்? மில்லில் உருளை மேல் எந்நேரமும் தண்ணீர் ஊற்றிக்கொண்டேதான் இருக்கும். தண்ணீர் பட்டு உருளை கெடும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மிஷினைக் கவிழ்த்து வைத்துவிட்டு நிம்மதியாகப் படுத்தேன்.

காலையில் கைப்பிடியைச் சுற்றினால் 'கிர்ர்' என்றது. உருளை முழுக்கச் செம்மண் பூசியது போல் துரு. அப்போதுதான் நீ எப்போதோ சொன்னது ஞாபகம் வந்தது: "இத்த மட்டும் கய்வாத. காஞ்ச மாவ தட்டி பிரஷ்ஷால தொடச்சா போதும். தண்ணி பட்டா செத்துடும்." நீ சொன்னபோது என் வாய் நிறைய உன் பாஸ்தா இருந்தது.

எமரித் தாள் போட்டுத் தேய்த்தேன். சமையல் எண்ணெய் தடவினேன். ஒரு துண்டு மாவை விட்டுப் பார்த்தேன். உருளை ஒரு சுற்று வரும்போதெல்லாம், நாலு விரற்கடைக்கு ஒரு கறுப்புத் தழும்பு. அதே வடிவம், அதே இடைவெளி, பட்டை முடியும்வரை. கம்பியில் இப்படி வந்தால் நீ இரும்பைப் பார்க்கவே மாட்டாய். "ரோலு போச்சு, நிறுத்து" என்பாய். நானும் நிறுத்தினேன்.

ரஞ்சனி வந்தாள். அம்மா வாசலில் விட்டுவிட்டு மூட்டை கட்டப் போய்விட்டார்கள். அவளுக்கு இப்போது நாற்காலி தேவையில்லை. நின்றாலே மேஜை எட்டுகிறது. நேராக உன் இடத்தில் போய் நின்றாள், திருகின் பக்கம். பொய் சொல்லத்தான் நினைத்தேன். ஜெனி முறைத்துக்கொண்டு நின்றாள். எல்லாவற்றையும் சொன்னேன். முட்டையை, சோப்பை, மஞ்சள் தண்ணீரை, எல்லாவற்றையும். எட்டு வயதுப் பிள்ளையிடம் ஒரு கிழவன் ஒப்புக்கொள்கிற அழகைப் பார்க்க நீ இல்லாமல் போனாய்.

அவள் உருளையில் விரலை வைத்து இழுத்தாள். விரலில் ஒட்டிய துருவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"அழாதீங்கோ மாமா. அம்மாகிட்ட சொல்ல மாட்டேன்."

திட்டியிருக்கலாம். அழுதிருக்கலாம்.

அவளே ரவை எடுக்கச் சொன்னாள். வெந்நீர் எவ்வளவு என்று அவளுக்கும் தெரியவில்லை. "அப்பா கையால பாத்து ஊத்துவா" என்றாள். நாங்களும் கையால் பார்த்து ஊற்றினோம், கைக்கு ஒன்றும் தெரியவில்லை. சப்பாத்திக் கட்டையால் தேய்த்தேன். ஓரம் மெல்லிசு, நடுவில் அடை. கத்தியால் வெட்டினோம். வேகவைத்தால் ஒரு பக்கம் கூழ், ஒரு பக்கம் ரப்பர். தட்டில் வைத்ததும் அவள் நாலு துண்டு தின்றாள், நான் எண்ணினேன். "அப்பாது மாதிரி இல்லை" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. மழை பெய்கிறது என்பது போலச் சொன்னாள். "மீதிய டப்பால போட்டுத் தாங்கோ, வண்டில சாப்பிடறேன்." சாப்பிட்டாளா, வழியில் பெரியபாளையத்தில் எங்காவது கொட்டினார்களா, எனக்குத் தெரியாது. கேட்கிற தைரியமும் இல்லை.

அன்று மாலையே மினி லாரி வந்தது. துரு தெரியாமல் மிஷினை உன் சட்டையில் சுற்றி நான்தான் ஏற்றினேன். "இதை அவர் போட்டோவுக்குக் கீழ வைக்கப்போறேண்ணா" என்றார்கள் உன் வீட்டம்மா. தலையை ஆட்டினேன். ரஞ்சனி என்னைப் பார்க்காமல் டப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்காக வாயை மூடிக்கொண்டு அந்தப் பிள்ளை லாரியில் ஏறிப் போயிற்று.

வீட்டுக்கு வந்து லுங்கி மாற்றும்போதுதான் பேண்ட் பையில் கனமாக ஏதோ இடித்தது. கைப்பிடி. எப்போது கழற்றிப் போட்டேனோ. அது மட்டும் துருப்பிடிக்கவில்லை.

போன வாரம் ரஞ்சனி, தன் அம்மாவின் போனிலிருந்து கூப்பிட்டாள். குரலைத் தாழ்த்தி, "மாமா, கைப்பிடி உங்ககிட்டயா இருக்கு? அம்மா தேடறா" என்றாள். "என்னாண்டதாம்மா கீது." "அப்போ நீங்களே எடுத்துண்டு வாங்கோ." போனை வைத்துவிட்டாள்.

திருவள்ளூருக்கு பஸ் இல்லாமலா இருக்கிறது? ஏறி உட்கார்ந்தால் கொண்டுபோய்விடுவான். ஆனால் அந்த வீட்டில் நுழைந்தால் உன் போட்டோவுக்குக் கீழே இருப்பதைப் பார்க்க வேண்டும். சொன்னால், முட்டை பட்டதை அந்த வீட்டில் வைத்துக்கொள்வார்களா என்று தெரியாது. சொல்லாவிட்டால், அந்தப் பிள்ளை இன்னும் எத்தனை நாள் என் தப்பைத் தன் வாய்க்குள் வைத்துக்கொண்டிருக்கும்? நீதான் சொல்ல வேண்டும். நீ சொல்ல மாட்டாய்.

எந்த நாள் துணிச்சல் வருமோ என்று அந்தக் கைப்பிடியை டிபன் பாக்ஸோடு பையிலேயே போட்டுக்கொண்டு போய் வருகிறேன். நேற்று ஷிப்டு முடிந்து வரும்போது கேட்டில் புது செக்யூரிட்டி பையைத் துழாவினான். இரும்பு கையில் தட்டுப்பட்டதும் வெளியே எடுத்தான்.

"இன்னாபா இது? கம்பெனி மாலா?"

"இல்ல சார். என் ஃப்ரெண்டோடது."

"அப்போ அவராண்ட குடுக்காம நீ இன்னாத்துக்குத் தூக்கிக்கினு சுத்தற?"

"குடுக்கணும் சார்" என்றேன்.

அவன் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திருப்பிப் போட்டான். நான் பையை மூடிக்கொண்டு வெளியே வந்தேன்.