பொம்மர் கொப்பி

ஒக்டோபர் 14, செவ்வாய்

இன்று இல்-பிசார் தீவில் பழைய சாமான் விலைபேசப் போன வீட்டில், வீட்டுக்காரர் மிஷேலின் மணிக்கட்டை முறுக்கிவிட்டேன். எழுபது வயது மனிதர்.

அவருடைய தகப்பன் இரண்டாம் உலகப் போரில் குண்டு விமானத்தில் பறந்தவர். பிற்காலத்தில் நினைவுக் குறிப்புகளைப் புத்தகமாக அச்சிட்டிருக்கிறார். ரெயில் பாதைகளைத் தவிர வேறெதிலும் குண்டு போட்டதில்லை என்கிறது புத்தகம். ஐம்பது பிரதிகள் இருந்த பெட்டிக்குள்ளேயே, போர்க்காலத்தில் அவர் கைப்பட எழுதிய பறப்புக் கொப்பியும் கிடந்தது. "நகரின் நடு. வீடுகள். நன்றாக எரிந்தன."

நான் வாசித்துக் காட்டியதும் மிஷேல் அந்தப் பக்கத்தைக் கிழிக்கப் போனார். அப்போதுதான் முறுக்கினேன்.

"அப்பா பொய்யரா? உனக்கென்ன தெரியும்?" என்று கத்தினார்.

"பொம்மர்!" என்று நானும் கத்தினேன். குண்டு விமானம் வந்தால் எங்கள் ஊரில் ஓடி ஒளியச் சொல்லும் சொல் அது. ஆங்கிலச் சொல்தானே, அவருக்கும் விளங்கியது. எங்கள் சந்தையில் குண்டு விழுந்தபோது அக்காவைச் சாக்கில் அள்ளினோம் என்றேன். இயக்க முகாமை அடித்ததாக அரச வானொலி சொன்னதையும் சொன்னேன்.

சாமான் ஏற்ற வந்த மச்சான் என்னை இழுத்தான். "அத்தான், விசரே? பொலிஸ் வந்தா வியாபாரமும் இல்லை, நீங்களும் இல்லை."

மிஷேல் கையைத் தடவிக்கொண்டு கேட்டார்: "அவளுக்கு எத்தனை வயது?"

"பதின்மூன்று."

கொப்பியை மேசையில் வைத்தார்.

வீட்டுச் சாமான் எல்லாவற்றுக்கும் நான் கொடுப்பது நாலாயிரத்து இருநூறு டொலர். ஐம்பது புத்தகத்துக்குள்ளும் அந்தப் பக்கத்தின் நகலை நான் வைத்து விற்கலாம் என்று அவர் சம்மதித்தார். அதற்கு நான் அவருக்கு மேலதிகமாக முந்நூறு கொடுக்கிறேன்.