நெளிந்ததென்று நினைத்த தட்டு

கிரெய்கிபர்ன்
28.10.2012

அன்பு மகள் அஞ்சலீனாவுக்கு,

மடு மாதாவின் காவலில் நாங்கள் எல்லோரும் சுகம், நீயும் அந்தக் குளிரில் சளி பிடிக்காமல் இருக்க வேண்டும் என்று அவவிடம் கேட்டுக்கொண்டு தொடங்குகிறேன். இது என் சொந்தக் கையெழுத்து. இங்கே தமிழ் சொல்லித்தரும் இரஞ்சிதம் ரீச்சரின் சனிக்கிழமை வகுப்புக்குப் போய் எழுபத்து மூன்று வயதில் எழுதப் பழகிவிட்டேன், ஒரு வரிக்குக் கால் மணித்தியாலம் போகிறது, போகட்டும், இனி உனக்கும் எனக்கும் நடுவில் ஆள் தேவையில்லை. அந்தச் சந்தோஷத்தில்தான் ஒரு பிழை விட்டுவிட்டேன், அதைத்தான் நாலு நாளாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நீ தாதி வேலையை விட்டு அமெரிக்காவில் உலோகம் அடிக்கும் பட்டறையில் சேர்ந்தபோது நான் போனில் ஏசிய பிறகு, மூன்று வருடம் கழித்து உன்னிடமிருந்து வந்த முதல் பார்சல், செவ்வாய்க்கிழமை வந்தது. உள்ளே பெரிய அலுமினியத் தட்டும் இரண்டு தாளில் கடிதமும். உன் அண்ணன் றமேஸ், தாங்கோ அப்பா நான் வாசிச்சுச் சொல்லுறன் என்று கையை நீட்டினான், நான் கொடுக்கவில்லை. ஒரு நாளைக்கு ஒரு தாள் என்று நானே எழுத்துக் கூட்டினேன். முதல் தாளில் பனியும், பட்டறையில் நாலு பேர்தான் வேலை என்பதும் இருந்தன. தட்டைப் பார்த்தால் விளிம்புக்கு விளிம்பு நெளிவு. ஊரில், மன்னாரில் நாற்பது வருடம் சட்டி பானைக்கு நெளிவு எடுத்தவன் வேறென்ன நினைப்பான், தபாலில் அடிபட்டுவிட்டது என்று மரச்சுத்தியலோடு கராஜுக்குப் போனேன். பாதித் தட்டை மட்டமாக்கிவிட்டு மறுநாள் இரண்டாம் தாளை வாசித்தேன். இந்த அடியெல்லாம் நான் அடிச்சது அப்பா, பொம்பிளைப் பிள்ளைக்கு ஏன் சுத்தியல் எண்டு கேட்டீங்களே, பார்த்திட்டு நல்லாயிருக்கு எண்டு நீங்களே சொன்னால் மார்கழியிலை நத்தாருக்கு வருவன், இல்லாட்டி வரமாட்டன் என்று எழுதியிருந்தாய். றமேஸைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

றமேஸ் முதலில் சிரித்தான், தங்கச்சி ஒரு கிழமையா அடிச்சதை அப்பா ஒரு பின்னேரத்திலை துடைச்சுப் போட்டார் என்று. பிறகு, நல்லாயிருக்கு எண்டு மட்டும் எழுதிவிடுங்கோ, அவளுக்கு எப்பிடித் தெரியப்போகுது என்றான். அது வேண்டாம். பழையபடி அடித்து வைக்கலாமா என்று ஒரு மூலையில் மூன்று அடி போட்டேன், மூன்றும் மூன்று ஆழம். என் கைக்கு நெளிவு எடுக்கத்தான் தெரியும்.

ஒன்று கேள் மகள். சட்டி கீழே விழுந்த நெளிவு சுத்தியலால் நாலு அடி போட்டால் போய்விடும். உன்னுடையது ஒரு கை அகலத்துக்கு ஒரு மணித்தியாலம் என்னோடு மல்லுக்கு நின்றது. தபாலில் அடிபட்ட சாமான் இப்படி ஒரே அளவாக நெளியாது என்று அப்போதே விளங்கியிருக்க வேண்டும். அன்றைக்குப் போனில் ஏசியது என் பிழை. நல்லாயிருக்கு. இந்தச் சொல்லை வேறு தாளில் எழுதிப் பழகிவிட்டே இங்கே எழுதுகிறேன்.

கோபமென்றால் அதையும் எழுது, பெரிய எழுத்தில் எழுது, றமேஸிடம் சொல்லி அனுப்பாதே. மாதா உன் இரண்டு கையையும் காக்கட்டும். மற்றப் பாதியை நான் தொடவில்லை, மட்டமாக்கிய பாதிக்கு நீதான் வர வேண்டும். சுத்தியலைப் பெரிய பெட்டியில் வை, கைப்பையில் வைத்தால் விமான நிலையத்தில் பறித்துவிடுவார்கள்.

உன் வரவைப் பார்த்திருக்கும்
அப்பா
செ. எமிலியானுஸ்